திருத்த வகுப்பும் குற்றப் பதிவும்: மூர்க்கமாக வாகனம் ஓட்டுதலைச் சட்டம் கையாளும் முறை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 1998இல் மூர்க்கமாக வாகனம் ஓட்டுவதைத் தனிக் குற்றமாக்கியபோது, ஓட்டுநரின் கோபத்தை நிரூபிக்கும் சுமையைக் காவலர் தலையில் ஏற்றவில்லை. மனநிலையை நீதிமன்றத்தில் நிறுவுவது கடினம். நடத்தையைக் கண்ணால் பார்க்கலாம். ஆகவே அளவுமீறிய வேகத்தோடு, சிக்னலை மதிக்காமை, முன்வண்டியை ஒட்டிச் செல்லுதல், ஆபத்தாகத் தடம் மாறுதல், வழிவிட மறுத்தல், சாலையை விட்டிறங்கி முந்துதல் ஆகியவற்றில் இரண்டேனும் ஒரே ஓட்டத்தில் சேர்ந்து, பிறருக்கு உடனடி ஆபத்தை உண்டாக்கினால்தான் அது குற்றம். தனித்தனியே அபராதச் சீட்டோடு முடிந்துவிடக்கூடிய மீறல்கள் ஒன்றுசேரும்போது சிறைக்குரியவையாகின்றன. தண்டனை பெற்றவர் போக்குவரத்துப் பயிற்சிப் பள்ளிக்கும் போயாக வேண்டும். பள்ளி இங்கே தண்டனையோடு சேர்வது; தண்டனைக்கு ஈடாக வருவதன்று. திருத்தக் கல்வியின் பலன், அதன் பாடத்திட்டத்தைவிடச் சட்டத்தில் அதற்குத் தரப்படும் இந்த இடத்தையே பெரிதும் சார்ந்திருக்கிறது என்பது என் வாதம்.

கல்வியைத் தனியே எடைபோட்டால் சான்றுகள் ஊக்கம் தருவனவாக இல்லை. உரிமம் பெற்றோருக்கான பயிற்சி பற்றிய 24 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த 2003ஆம் ஆண்டுக் காக்ரேன் ஆய்வு, அது விபத்தைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் காணவில்லை. மறுவருடம் வந்த மாஸ்டன், பெக் ஆகியோரின் தொகுப்பாய்வில், உரிமத்தை நிறுத்துவதும் பறிப்பதுமே மற்ற நடவடிக்கைகளைவிட மிகுந்த பலன் தந்தன. கலிபோர்னியாவின் அனுபவம் இன்னும் கூர்மையானது. அங்கே சீட்டு வாங்கியவர் கட்டணம் கட்டிச் சில மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தால் வழக்கே தள்ளுபடியாகிவிடும். ஓராண்டில் நான்கு புள்ளிகள் சேர்ந்தால் உரிமத்துக்கே ஆபத்து என்ற ஏற்பாட்டில் அந்த மீறல் கணக்குக்கே வராது. அம்மாநில வாகனத் துறையின் ஆய்வுகள், முந்தைய பதிவு போன்ற வேறுபாடுகளைச் சரிசெய்த பிறகும், இவ்வாறு தப்பியவர்கள் தண்டனை பெற்றவர்களைவிட அதிகமாக விபத்தில் சிக்குவதைக் காட்டின. 2011 ஜூலை முதல் தள்ளுபடி நின்றது. தண்டனை பதிவாகி, மறைவாக வைக்கப்படுகிறது. பாதித் திருத்தம்தான்.

இதற்கு எதிராக இங்கிலாந்தைக் காட்டலாம். அங்கே வேக விழிப்புணர்வு வகுப்பு, அபராதத்துக்கும் மூன்று புள்ளிகளுக்கும் மாற்றாகவே தரப்படுகிறது; அதில் கலந்துகொண்டவர்கள் மறுபடி வேகவரம்பை மீறுவது தண்டனை பெற்றவர்களைவிடக் குறைவு என்று 2018இல் வெளியான அரசு மதிப்பீடு கண்டது. வலுவான மறுப்புதான். ஆனால் அவ்வகுப்பு வரம்பைச் சற்றே தாண்டியவர்களுக்கானது; மூன்றாண்டுகளுக்குள் இரண்டாம் முறை கிடைக்காது. அதாவது முதல் மீறல் மறக்கப்படுவதில்லை. காயம் விளைவிக்கும் மோதல்கள் குறைந்ததாகவும் அம்மதிப்பீட்டால் நிறுவ முடியவில்லை. கவனக் குறைவால் வேகமாகப் போனவருக்குப் பொருந்துவது, முன்வண்டியை முட்டுவதுபோல் நெருக்கி மிரட்டுபவருக்கும் பொருந்தும் என்று கொள்ள இதில் இடமில்லை.

இந்தியாவில் பொதுவழியில் கண்மூடித்தனமாக ஓட்டுவதற்கு 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் வைத்த ஆயிரம் ரூபாய் உச்ச அபராதம், அதற்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே இருக்கிறது. அன்று அது பெருந்தொகை! மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தமோ கூடுதல் விவேகத்தோடு எழுதப்பட்டது. ஆபத்தாக ஓட்டியவரின் உரிமத்தைக் காவலர் கைப்பற்றி உரிம அலுவலருக்கு அனுப்ப வேண்டும்; அவர் விசாரித்து முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் தகுதி நீக்கம் செய்யலாம்; புத்தாக்கப் பயிற்சியை முடித்தால்தான் உரிமம் திரும்பக் கிடைக்கும். இணக்கக் கட்டணம் கட்டித் தீர்க்கக்கூடிய மீறல்களிலும்கூட, பணம் கட்டியதால் பயிற்சிக் கடமை நீங்காது, அது முந்தைய குற்றமாகவே எண்ணப்படும் என்கிறது 200ஆம் பிரிவு. கலிபோர்னியா பல்லாண்டு திறந்துவைத்திருந்த ஓட்டையை இந்த வரி முன்கூட்டியே அடைத்துவிட்டது.

மூன்று மாதம் வண்டி ஓட்டாவிட்டால் லாரி ஓட்டுநரின் வீட்டில் உலை எரியாது, சொந்தக் கார் வைத்திருப்பவருக்கோ அது வெறும் சிரமம் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்காகக் காலத்தைத் தளர்த்தலாம்: வகுப்பை விரைவில் முடித்தவருக்குத் தகுதி நீக்க நாள்களைக் குறைக்கும் அதிகாரத்தை உரிம அலுவலருக்குத் தரலாம். பதிவை மட்டும் அழிக்கக் கூடாது. இரண்டாம் குற்றத்தை இரண்டாவது என்று அடையாளம் காண அலுவலரிடம் இருப்பது அது ஒன்றுதான்.