பிந்தி வந்த மாமாவுக்கு ஓர் இலை



கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி, சித்ரா பௌர்ணமியன்று மதியம் தனியாக ஓர் இலை போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "இது யாருக்கு தாத்தா?" என்று கேட்டாள். "கள்ளழகருக்கு" என்றேன். "அவர் நிஜமாவே கல்யாணத்துக்கு லேட்டா வந்தாரா?" என்றாள். வங்கியில் கணக்கு எழுதியே காலம் கழித்தவன் நான். ஏதோ சொல்லி ஒப்பேற்ற மனம் வரவில்லை. அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மதுரையில் எல்லோரும் சொல்லும் கதை இது. தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு அண்ணன் அழகர் மலையிலிருந்து புறப்பட்டு வருகிறார். வைகைக்கு வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிடுகிறது. கோபித்துக்கொண்டு ஊருக்குள் போகாமலே வண்டியூர் பக்கம் போய்விடுகிறார்.

கோயில் வழக்கு வேறு. சாபத்தால் தவளையான மண்டூக மகரிஷிக்கு மோட்சம் கொடுக்கத்தான் அழகர் ஆற்றுக்கு வருகிறார். மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுப்பவரோ திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாள்.

வரலாறு என்ன சொல்கிறது? முன்பு இவை இரண்டு தனி விழாக்கள். மீனாட்சி கோயில் விழா மாசியில் நடந்தது. அழகர் சித்திரையில், சோழவந்தான் பக்கம் உள்ள தேனூரில் ஆற்றில் இறங்கினார். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் மாசி விழாவைச் சித்திரைக்கு மாற்றி, அழகரையும் மதுரைக்கு வரவழைத்தார் என்பார்கள். இதற்குச் சாட்சி இன்றும் இருக்கிறது. சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில்! வைகையில் மண்டூகருக்கு மோட்சம் கொடுக்கும் மண்டபத்தின் பெயர் தேனூர் மண்டபம்.

விழாக்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்ததும் ஜனங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். இவ்வளவு தூரம் வந்த அண்ணன் ஏன் கல்யாண வீட்டுக்குப் போகவில்லை? இரண்டு பேரேடுகளை ஒன்றாக்கும்போது இடிக்கிற வித்தியாசத்தை ஒரு குடும்பக் கதையால் நேர் செய்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அதைப் போலவே எங்கள் வீட்டில் ஒரு வரவு வைத்தவள் என் தங்கை. 1968-இல் வைகையின் வடகரையில், செல்லூரில் குடியிருந்தோம். அவளுக்கு ஏழு வயது. அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு வந்தவள், "கல்யாணச் சாப்பாடு எல்லாரும் சாப்பிட்டாச்சு. மாமா மட்டும் பட்டினியா போறாரே!" என்று அழ ஆரம்பித்தாள். மீனாட்சி எல்லோருக்கும் அம்மா என்றால் அழகர் மாமாதானே! அம்மா வேறு வழியில்லாமல் வடை பாயசத்தோடு ஓர் இலை போட்டார். அப்பா தெருவில் இறங்கி, கிராமத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்து எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார். சாப்பிட்டுப் போகும்போது அவர், அழகருக்குக் காட்டிய செம்பிலிருந்து ஒரு கை நாட்டுச் சர்க்கரையைத் தங்கையின் கையில் போட்டார். "மாமா சீர் கொண்டாந்துட்டார்!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினாள்.

அதன்பின் எந்த ஊரில் இருந்தாலும் அந்த இலையை நாங்கள் நிறுத்தியதில்லை. வந்து சாப்பிட யாராவது ஒருவர் கிடைப்பார். தங்கை போய் நான்கு வருடம் ஆகிறது. இந்தக் குடியிருப்புக்கு வந்தபின் இலை போடுகிறேன், யாரும் வருவதில்லை. சாயங்காலம் நானே சாப்பிட்டுவிடுகிறேன். "அப்ப மாமா இன்னும் பட்டினிதானே?" என்றாள் பேத்தி. திருமலை நாயக்கர் வரை பதில் சொன்ன எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

நம் சங்க விதிப்படி தெரியாதவர்களை கேட்டைத் தாண்டி அனுப்புவதில்லை. விதி சரிதான். ஆனால் வரும் சித்ரா பௌர்ணமியன்று மதியம் மட்டும், தண்ணீர் கேன் போடுபவரோ பார்சல் கொண்டுவரும் பையனோ யார் முதலில் வந்தாலும், என் வீட்டுக்கு அனுப்பச் செயற்குழுவிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். கூட்டத்தில் அது வரும்போது ஆதரித்துக் கை தூக்குங்கள். உங்கள் வீட்டிலும் ஓர் இலை போட்டால் இன்னும் சந்தோஷம்.