பாரிசில் அச்சான தமிழ் முகங்கள்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் நின்று அண்ணாமலையைப் பாருங்கள். அருகிலுள்ள மரம் கருமையாகவும், எட்ட இருக்கும் மலை சற்று வெளிறியும் தோன்றும். இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதே இதற்குக் காரணம். இக்காட்சியைத் தாளில் வரைய மெல்லிய கோடும் வேண்டும், கருத்த கோடும் வேண்டும். இவ்விரண்டையும் விரும்பியபடி தரும் பென்சில் ஒரு போரினால் பிறந்தது என்றால் நம்புவீர்களா?

1793-இல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டது. இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்த உயர்ந்த கிராபைட் நின்றுபோயிற்று. நிக்கோலா ழாக் கோந்தே என்ற பிரெஞ்சுக்காரர், கிராபைட் தூளையும் களிமண்ணையும் குழைத்துச் சூளையில் சுட்டுப் பென்சில் செய்தார். 1795-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். களிமண் மிகுந்தால் கோடு வெளிறும், குறைந்தால் கருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஓவியர்கள் மனித உருவங்களையும் இயற்கைக் காட்சிகளையும் ஏராளமாக வரைய இப்பென்சில் துணை நின்றது.

சரி, ஒரு தாளில் வரைந்ததை ஆயிரம் பேர் காண்பது எப்படி? அதற்கு வழி காட்டியது கல்லச்சு. பவேரியாவைச் சேர்ந்த அலாய்ஸ் செனபெல்டர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இதைக் கண்டுபிடித்தார். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மீது எண்ணெய்ப் பசையுள்ள கோலால் வரைவார்கள். பிறகு கல்லைப் பதப்படுத்தி நீரால் நனைப்பார்கள். எண்ணெயும் நீரும் ஒட்டா அல்லவா? மை உருளையை ஓட்டினால் வரைந்த இடம் மட்டுமே மையை ஏற்கும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும்.

இம்முறையில்தான் நம் மக்களின் உருவங்களும் பாரிசில் அச்சாயின. 1827 முதல் 1835 வரை பகுதி பகுதியாக வெளிவந்த 'பிரெஞ்சு இந்தியா' என்னும் படத்தொகுப்பில் புதுச்சேரி முதலிய இடங்களின் மக்கள், உடைகள், கோயில்கள், கருவிகள் ஆகியன இடம்பெற்றன. விளக்கவுரை எழுதியவர்களுள் ஒருவர் புகழ்பெற்ற வடமொழி அறிஞர் எய்ழேன் பியுர்னூப். அவரோ இந்திய மண்ணை ஒருநாளும் மிதித்ததில்லை!

அப்படியானால் இப்படங்களை நம்பலாமா? நம்பலாம், ஆனால் ஆராய்ந்து நம்ப வேண்டும். கல்லில் வரைந்தது தாளில் இடவலம் மாறிப் பதியும். ஓவியர் அதை முன்கூட்டியே எண்ணி மாற்றி வரையாவிட்டால் வலக்கை இடக்கையாகிவிடும். மேலும், அச்சான பின்னரே கையால் வண்ணம் தீட்டுவது அக்கால வழக்கம். ஆகவே படத்திலுள்ள சேலையின் நிறம், தீட்டியவர் தேர்ந்த நிறமாகவும் இருக்கலாம்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். ஐரோப்பியருக்காக வரையப்பட்ட இத்தகைய படங்கள் பெரும்பாலானவற்றின் கீழே தொழிலின் பெயரோ சாதியின் பெயரோ இருக்கும். நிற்பவரின் பெயர் இராது. ஓவியருக்கு அவர் ஒரு மனிதரல்லர், ஒரு மாதிரி. எனினும் தலைப்பாகையின் கட்டு, தறியின் அமைப்பு, காதணியின் வடிவம் ஆகியவற்றை நாம் இன்று அறிய உதவும் சான்றுகளில் இவையும் அடங்கும். பழைய படமொன்றைக் காணும்போது வரைந்தவர் யார், அச்சிட்டவர் யார், வாங்கியவர் யார் என்று கேளுங்கள். அத்துடன், நிற்பவர் யார் என்றும் கேட்கத் தவறாதீர்கள்.