நபரும் குடிமகனும்: யிக் வோ தீர்ப்பின் அடித்தளம் குறித்து ஒரு மறுவாசிப்பு

யிக் வோ எதிர் ஹாப்கின்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1886 மே 10 அன்று அளித்த தீர்ப்பு, குடியேறியோர் உரிமை வரலாற்றின் முதல் படி என்று நெடுங்காலம் போற்றப்பட்டது. சட்ட அறிஞர் கேப்ரியல் சின் 2008இல் இலினாய் பல்கலைக்கழகச் சட்ட இதழில் எழுதிய கட்டுரையில் இந்த மதிப்பீட்டை மறுத்தார். அது இனப்பாகுபாட்டைக் கண்டித்த தீர்ப்பே அன்று; சீனாவுடனான ஒப்பந்தமும் தொழில் செய்யும் உரிமையுமே அதன் அடிப்படை என்பது அவர் வாதத்தின் சாரம். இதில் ஒரு பகுதியை மறுப்பதற்கில்லை. ஆனால் தீர்ப்பு சார்ந்து நிற்கும் 1870ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உரிய எடையை இந்த வாசிப்பு தரவில்லை என்பதே என் மறுப்பு.

வழக்கின் பின்னணி பலரும் அறிந்தது. மரக்கட்டடத்தில் சலவைக்கடை நடத்த நகர மேற்பார்வையாளர் மன்றத்தின் இசைவு வேண்டும் என்று சான்ஃபிரான்சிஸ்கோ 1880இல் விதித்தது. நகரில் இருந்த ஏறத்தாழ 320 சலவைக்கடைகளில் 310 மரக்கட்டடங்கள்; 240 சீனர்களுடையவை. சீனர்கள் இருநூறு பேர் கேட்டும் இசைவு கிடைக்கவில்லை. சீனரல்லாத எண்பது பேர் அதே நிலையில் தடையின்றித் தொழில் நடத்தினர். 22 ஆண்டுகளாகக் கடை நடத்தியவர், தீயணைப்பு அதிகாரிகளிடமும் சுகாதார அதிகாரியிடமும் சான்று பெற்றிருந்தவர், யிக் வோ, 10 டாலர் அபராதம் கட்டாததற்காகச் சிறைப்பட்டார்.

அவரை விடுவித்து நீதிபதி ஸ்டான்லி மேத்யூஸ் எழுதிய தீர்ப்பு, அயல்நாட்டவரின் உரிமையைப் பேசும் இடத்தில், மூன்று ஆதாரங்களை வரிசையாக வைக்கிறது. முதலில் 1880ஆம் ஆண்டுச் சீன ஒப்பந்தத்தின் 3ஆம் கூறு. சின்னின் வாதத்துக்கு இதுவே பெரும் துணை. அடுத்து, அரசியலமைப்பின் 14ஆம் திருத்தம் தரும் காப்பு குடிமக்களோடு நின்றுவிடுவதில்லை என்ற கூற்று. மூன்றாவதாக, திருத்திய சட்டத்தொகுப்பின் 1977ஆம் பிரிவு. இந்த மூன்றாவதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

அந்தப் பிரிவு 1870 மே 31 அன்று நிறைவேறிய சட்டத்தின் 16ஆம் பிரிவிலிருந்து வந்தது. ஒப்பந்தம் செய்யவும், வழக்காடவும், சாட்சி சொல்லவும் வெள்ளையருக்கு உள்ள உரிமையை 1866ஆம் ஆண்டுச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமே தந்திருந்தது. 1870இல் அது ஆட்சியெல்லைக்குள் இருக்கும் நபர்கள் அனைவருக்கும் என்று விரிந்தது. 1854இல் ஹால் வழக்கில், வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்ல முடியாதென்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்த்து, கொலைக்குற்றவாளியைத் தப்பவிட்டதை நினைத்தால், 'சாட்சி' என்ற உரிமை யாருக்காக விரிந்தது என்பது விளங்கும். அதே பிரிவின் இறுதியில் இன்னொரு வாசகம் உண்டு: ஒரு நாட்டிலிருந்து குடியேறுவோர் மீது, பிற நாட்டினருக்கு இல்லாத வரியை எந்த மாநிலமும் விதிக்கக் கூடாது. 1874இல் சட்டங்களைத் தொகுத்தவர்கள் இவ்வாசகத்தைப் பிரித்துக் குடியேற்றத் தலைப்பின்கீழ் 2164ஆம் பிரிவாக வைத்தனர். 1977ஆம் பிரிவை மட்டும் தனியே படிப்பவருக்குச் சீனக் குடியேறியோர் கண்ணில் படமாட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் சட்டம் யாரைக் கருதி எழுதப்பட்டது என்பதில் ஐயமிருக்காது. 1869 கோடையில் சான்ஃபிரான்சிஸ்கோ வந்த காங்கிரஸ் உறுப்பினர்களிடம் சீன வணிகர்கள் முறையிட்டதே இதற்கு வித்து என்று நான் கருதுகிறேன். ஆயினும் அதை ஊகமாகவே வைக்கிறேன்.

16ஆம் பிரிவைக் கொண்டுவந்த நெவாடா செனட்டர் வில்லியம் ஸ்டூவர்ட், ஆறே வாரங்களில் ஜூலை 14 அன்று நிறைவேறிய குடியுரிமைச் சட்டத்தில் சீனரைச் சேர்ப்பதை எதிர்த்தார். குடியுரிமை மறுக்கப்பட்டவருக்கும் காப்பு உண்டு என்பதே அன்று நிலைநாட்டப்பட்டது. அது குறைபட்ட நீதிதான். ஆனாலும் ஒப்பந்தச் சலுகையிலிருந்து வேறானது.

இதை உறுதிசெய்ய 1887இன் பால்ட்வின் எதிர் ஃபிராங்க்ஸ் தீர்ப்பே எனக்குக் கிடைக்கும் சிறந்த சான்று. கலிஃபோர்னியாவின் நிக்கோலஸ் ஊரில் சீனர்களை ஆயுதக் கும்பல் பிடித்து, ஃபெதர் ஆற்றுப் படகில் ஏற்றித் துரத்தியது. அதற்கு முன், 1885 செப்டம்பரில்தான் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸில் 28 சீனர் கொல்லப்பட்டு, ஒருவர்கூடத் தண்டிக்கப்படாமல் போயிருந்தது. சதியைத் தண்டிக்கும் பிரிவு, 1870ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவின் வழிவந்தது; அது காப்பது 'குடிமகனை'. சீனர் குடிமக்கள் அல்லர் என்பதால், கும்பலில் ஒருவரான பால்ட்வின் விடுதலையானார். ஹார்லன், ஃபீல்டு ஆகிய நீதிபதிகள் இருவர் மட்டும் மாறுபட்டனர். ஒப்பந்தம் அதே ஒப்பந்தம். சீனர்களும் அதே நிலையினர். இடையில் சென்றவை பத்து மாதங்கள். யிக் வோவை வெல்ல வைத்தது ஒப்பந்தம்தான் என்றால், நிக்கோலஸில் அது ஏன் கைகொடுக்கவில்லை?

முன்னது அதிகாரிகளின் செயல், பின்னது தனியார் வன்முறை என்று எதிர்வாதம் வரும். அதன் வலிமையை ஒப்புக்கொள்கிறேன். இந்த ஒப்பீட்டின் பலவீனமும் அங்கேதான். எனினும் ஒப்பந்த உரிமையைக் காக்கச் சட்டம் இயற்றக் காங்கிரசுக்கு அதிகாரம் உண்டு என்று ஏற்றுக்கொண்டுதான், இயற்றிய சட்டம் அதைச் செய்யவில்லை என்று நீதிமன்றம் முடிவுகட்டியது. ஆகவே தீர்மானித்தது சட்டத்தின் வாசகமே.

சின் சரியாகச் சுட்டுவது ஒன்று உண்டு: சீனர் விலக்கை ஏற்ற 1889ஆம் ஆண்டுத் தீர்ப்பையோ, இனப்பிரிவினையை ஏற்ற 1896ஆம் ஆண்டு பிளெசி தீர்ப்பையோ யிக் வோ தடுத்துவிடவில்லை. ஆனால் 1915இல் ஆஸ்திரியச் சமையல்காரர் ஒருவரின் வேலையைக் காத்த ரெய்க் வழக்கிலும், 1948இல் ஜப்பானிய மீனவரின் உரிமையைக் காத்த தகஹாஷி வழக்கிலும் 'நபர்' என்ற அந்த அடித்தளமே பயன்பட்டது. சதிப் பிரிவில் 'குடிமகன்' என்ற சொல் 1988இல்தான் நீங்கியது. வெறுப்பு வன்முறையிலிருந்து குடியேறியோரைக் காக்கும் சட்டங்களை இன்று எடைபோடுவோர், எந்தப் பிரிவு யாரைப் பெயரிட்டுக் காக்கிறது என்பதையே முதலில் படிக்க வேண்டும்.