சுனாமிக்குப் பிறகு எங்கள் வகுப்பறை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டுப் பரீட்சை முடிந்த லீவு. பிள்ளைகள் பலரும் காலையிலேயே கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கணக்கையும் நிவாரணக் கணக்கையும் பலர் எழுதிவிட்டார்கள். தப்பிப் பிழைத்த பிள்ளைகளின் மனசு என்ன ஆனது என்பதை நான் பார்த்தவரை எழுதி வைக்கிறேன். அப்போது நான் கடலோரப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்.

பள்ளி மறுபடி திறந்த அன்று வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை.

அடுத்த சில வாரங்களில் வெளியூர்களிலிருந்து நல்ல மனதோடு பலர் வந்தார்கள். வந்த ஒவ்வொரு குழுவும் பேப்பரும் கலர் பென்சிலும் கொடுத்து, "அன்னைக்குப் பார்த்ததை வரைங்க" என்றது. மூன்றாவது குழு வந்தபோது ஒரு பையன் தாள் முழுவதையும் கறுப்பாகத் தீட்டிவிட்டு, "சார், இன்னும் எத்தனை தடவை வரையணும்?" என்று கேட்டான். அம்மாவையும் தங்கையையும் பறிகொடுத்தவன். அதற்கு முந்தின வாரம் நானும்தான் அவனை வரையச் சொல்லியிருந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

நல்லவேளையாக, அதே சமயத்தில் வேறொரு முயற்சியும் நடந்துகொண்டிருந்தது. தொண்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்த ஆட்சியர் அலுவலகத்திலேயே ஒருங்கிணைப்பு மையம் ஏற்பட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் வந்தார்கள். 1999 ஒரிசா புயலிலும் 2001 குஜராத் பூகம்பத்திலும் பணியாற்றிய அனுபவம் அந்த நிறுவனத்துக்கு உண்டு. இத்தனை கிராமங்களுக்கு மனநல மருத்துவர்கள் போதமாட்டார்கள். ஆகவே ஊரிலேயே இருக்கிற ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், இளைஞர்கள் ஆகியோருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதே அவர்கள் வழி.

பயிற்சியில் நான் கற்றது எளிமையானது. பேசச் சொல்லி வற்புறுத்தாதே. பேசினால் குறுக்கிடாமல் கேள். பிரேயர், பாடம், விளையாட்டு எல்லாம் அந்தந்த நேரத்தில் நடக்கட்டும். வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல் இருக்கும் பிள்ளையை மட்டும் மருத்துவரிடம் அனுப்பு.

பிள்ளையை மட்டும் கவனித்தால் போதாது என்பதும் சீக்கிரமே புரிந்தது. அந்தப் பையனின் அப்பா, படகும் போய், மனைவியும் போய், குடியில் கிடந்தார். வாத்தியார் சொன்னால் கேட்பாரா? ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் போனேன். அவர்களில் இரண்டு பேர் தினமும் சாயங்காலம் தற்காலிகக் குடியிருப்புக்குப் போய் அவரோடு உட்கார்ந்தார்கள். அங்கன்வாடி அம்மா பையனின் ஆயாவைப் பார்த்துக்கொண்டார். நான் அவனைப் பள்ளித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பில் வைத்தேன். யாரும் அலையைப் பற்றிக் கேட்கவில்லை. ஆடி மாதம் வாக்கில் ஒருநாள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, தங்கச்சிக்குக் கனகாம்பரம் பிடிக்கும் என்று அவனாகவே சொன்னான்.

அப்பா குடியை முழுதாக விடவில்லை. ஆனால் மறுபடி கடலுக்குப் போனார்.

மருத்துவர் வழி காட்டினார், அரசு இடம் கொடுத்தது, ஊர் கூட இருந்தது. மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தப் பிள்ளைகள் தேறியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பையனும் இப்போது படகில்தான் போகிறான். ஒவ்வொரு டிசம்பர் 26-ஆம் தேதியும் எனக்குப் போன் செய்வான். மீன்பாடு, டீசல் விலை, என் முட்டிவலி என்று பேசுவோம். அந்த நாளைப் பற்றி நான் கேட்பதில்லை.