தமிழ்நாட்டில் கைபேசி விளையாட்டுச் சந்தை

தரவிறக்கி ஆடும் கைபேசி விளையாட்டுகள், அவற்றுக்குள் விற்கப்படும் பொருள்கள், விளம்பரம், 2025இல் தடைசெய்யப்படும் வரை பணம் கட்டி ஆடிய ஆட்டங்கள் ஆகிய எல்லாவற்றையும் உள்ளடக்கிய சந்தை இது. விளையாட்டுகளைத் தரவிறக்குவதில் இந்தியா உலகில் முதலிடம் வகிக்கிறது. வருவாயில் சீனா, அமெரிக்கா, ஜப்பான் ஆகியவற்றுக்கு வெகுதூரம் பின்தங்கியுள்ளது. தமிழ்நாட்டில் இச்சந்தையின் ஏற்ற இறக்கத்தைப் பெரிதும் தீர்மானித்தவை டேட்டா விலையும் சட்டங்களுமே.

வளர்ச்சி

தமிழர் பலரின் கைக்கு முதலில் வந்தது நோக்கியாவின் ‘பாம்பு கேம்’. 1997இல் நோக்கியா 6110 கைபேசியில் அறிமுகமான அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் நிலைமை மாறியது. 2014இல் 250 ரூபாய்க்கு மேலிருந்த ஒரு ஜிபி டேட்டாவின் சராசரி விலை, 2018இல் சுமார் 12 ரூபாயாகச் சரிந்தது. அந்த ஆண்டு வந்த பப்ஜி என்ற சுடும் ஆட்டம் இளைஞர்களைப் பிடித்துக்கொண்டது. தாய ஆட்டத்துக்கு உறவான லூடோ கிங், 2020 ஊரடங்கில் வீட்டுப் பெரியவர்களையும் ஆட வைத்தது.

வருவாய்

பெரும்பாலான ஆட்டங்கள் இலவசம். விளம்பரமும் உள்விற்பனையும்தான் வரவு. ஃப்ரீ ஃபயர் என்ற சுடும் ஆட்டத்தில் ‘வைரம்’, பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐயில் ‘யூசி’ எனப்படும் ஆட்ட நாணயத்தை டாப்-அப் செய்து, ஆடுபவர் தன் பாத்திரத்துக்கு உடையும் துப்பாக்கிக்குப் புதுத் தோற்றமும் வாங்குகிறார். கடன் அட்டை இல்லாதவர்களும் சிறு தொகை செலுத்த யூபிஐ வழிசெய்தது.

தடைகள்

2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளைத் தடைசெய்தது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பிய பப்ஜி, 2022 ஜூலையில் நீக்கப்பட்டு, 2023 மே மாதம் மீண்டும் வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடைசெய்யப்பட்டபோது, அதன் இன்னொரு வடிவமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தப்பித்தது. ஆடியவர்கள் அதற்கு மாறிக்கொண்டார்கள்.

பணம் கட்டி ஆடும் ஆட்டங்கள்

ஆன்லைன் ரம்மியைத் தடுக்கும் 2021ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தை, அந்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. 2023இல் புதுச் சட்டம் வந்தது. நவம்பரில் அதை ஏற்ற உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறன் ஆட்டங்கள் என்று கூறி, அவற்றுக்குத் தடை பொருந்தாது என்றது. அவற்றை ஒழுங்குபடுத்த 2025 பிப்ரவரியில் விதிகள் வெளியாயின: ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், 18 வயதுக்குட்பட்டோர் ஆடக்கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டம் இல்லை. ஜூனில் உயர் நீதிமன்றம் இவ்விதிகளை உறுதிசெய்தது.

இரண்டே மாதத்தில், திறன், அதிர்ஷ்டம் என்ற பாகுபாடின்றிப் பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பெரிய நிறுவனங்கள் அம்மாதமே பண ஆட்டங்களை நிறுத்தின. மின் விளையாட்டுப் போட்டிகளையும் பணமில்லா ஆட்டங்களையும் இச்சட்டம் ஊக்குவிக்கிறது.

சத்தியமங்கலம் வட்டாரம்

சட்டம் மட்டுமல்ல, சிக்னலும் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்குச் சத்தியமங்கலம் ஓர் எடுத்துக்காட்டு. பவானிக் கரையில் உள்ள அந்த நகரத்துக்கும் அதற்கு வடக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டிய மலைக்கிராமங்களுக்கும் இடையே சிக்னல்தான் வேறுபாடு. பிஜிஎம்ஐயில் நால்வர் அணியாக இறங்கும்போது ஒருவருக்கு ‘பிங்’ (தரவு போய்வரும் நேரம்) எகிறினாலே போதும்: அவர் திரையில் மரத்தின் பின்னால் நிற்கும் எதிரி, உண்மையில் எப்போதோ நகர்ந்து சுட்டிருப்பார். மலைக்கிராமங்களில் கம்ப்யூட்டரை எதிர்த்து ஆடும் லூடோ போன்ற, இணையம் வேண்டாத ஆட்டங்களே கைகொடுக்கும்.

பின்லாந்துடன் ஒப்பீடு

நோக்கியாவின் தாயகமான, சுமார் 56 லட்சம் மக்களைக் கொண்ட பின்லாந்தில் உள்சந்தை சிறியது. அதன் நிறுவனங்கள் வெளிநாட்டு விற்பனையை நம்பியே வளர்ந்தன. ஆங்கிரி பேர்ட்ஸ் (2009), கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் (2012) இரண்டும் அங்கு உருவானவை. நோக்கியா 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் கைபேசிகளைத் தயாரித்தது. கருவி இங்கே உற்பத்தியானாலும், இங்கு பரவலாக ஆடப்பட்ட பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போன்றவை வெளிநாட்டு ஆக்கங்களே. லூடோ கிங் மும்பைப் பகுதியிலிருந்து வந்தது.