மெண்டோட்டா இளையோர் சிகிச்சை மையம்

மெண்டோட்டா இளையோர் சிகிச்சை மையம், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான மாடிசனில், ஏரிக்கரையை ஒட்டிய அரசு மனநல மருத்துவமனை வளாகத்தில் இயங்கும் காவல் சிகிச்சைக்கூடம். 1995இல் தொடங்கப்பட்டது. மாநிலத்தின் சிறார் சிறைகளில் யாருக்கும் அடங்காதவர்கள் என்று கைவிடப்பட்ட பதின்வயதுப் பையன்களை இங்கே மாற்றி அனுப்பினார்கள். வார்டுகள் பூட்டித்தான் இருக்கும். ஆனால் பொறுப்பு சிறைத்துறையிடம் இல்லை, சுகாதாரத் துறையிடம். வார்டின் அன்றாட நிர்வாகத்தைப் பார்ப்பவர் சிறை அதிகாரி அல்ல, மனநலச் செவிலியர். மையத்தின் மற்றத் தனித்தன்மைகள் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டிலிருந்து பிறந்தவை.

மையம் தொடங்கிய காலத்தில் 'சைக்கோபதி' குணங்கள் (இரக்கமின்மை, குற்றவுணர்வின்மை போன்றவை) உள்ளவர்களுக்குச் சிகிச்சை பலிக்காது என்பதே பரவலான நம்பிக்கை. கனடாவின் ஓக் ரிட்ஜ் காவல் மனநல மருத்துவமனையில் நடந்த சோதனையை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அங்கே சிகிச்சை பெற்ற சைக்கோபதிக் குற்றவாளிகள், சிறைக்குப் போன அதே வகையினரைவிட அதிகமாக வன்முறையில் இறங்கினர் என்று 1992இல் வெளியான ஆய்வு சொன்னது. அந்தச் சிகிச்சையில் எல்.எஸ்.டி. கொடுப்பதும், ஆடையின்றி நாட்கணக்கில் ஒரே அறையில் சேர்த்து அடைத்துவைப்பதும் அடக்கம். தோற்றது நோயாளியா, சிகிச்சையா என்று கேட்க அப்போது அதிகம் பேர் முன்வரவில்லை.

மெண்டோட்டாவின் உளவியலாளர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். மையம் இருக்கும் மெண்டோட்டா மருத்துவமனையின் வன்முறை மிகுந்த வயதுவந்த நோயாளிகளை வைத்து கிரெகரி வான் ரைப்ரோக் முதலானோர் 1988இல் ஒரு கருத்தை முன்வைத்திருந்தனர். ஒருவன் முரண்டு பிடிக்கிறான், தண்டிக்கிறார்கள், தண்டனைக்கு எதிராக இன்னும் முரண்டு பிடிக்கிறான், தண்டனை கூடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் படிப்பு, விளையாட்டு, மனிதப் பேச்சு என ஒவ்வொன்றாக அவனிடமிருந்து பறிபோகிறது. கடைசியில் அவனிடம் மிஞ்சுவது எதிர்ப்பு ஒன்றுதான். இந்த இறுக்கத்தைப் படிப்படியாகத் தளர்த்துவதையே அவர்கள் சிகிச்சையின் முதல் வேலையாகக் கொண்டார்கள். ஆகவே ஒரு பையன் யாரையாவது தாக்கினால் பாதுகாப்பு கூடும். கூடவே ஊழியர்கள் அவனோடு செலவிடும் நேரமும் கூடும். வழக்கமான சிறையில் இது தலைகீழாக நடக்கும்: அடித்தவன் தனியறைக்குப் போவான், சிகிச்சையாளர் அவனைப் பார்ப்பது குறைந்துவிடும்.

அன்றாட நடைமுறைக்கு 'இன்று–நாளை' என்று பெயர். பையனின் நடத்தைக்கு ஊழியர்கள் தினமும் மதிப்பெண் போடுவார்கள். அதை வைத்தே மறுநாள் சலுகைகள் முடிவாகும். நேற்றைய கணக்கு நெடுநாள் தலைமேல் தொங்காது. ஆறு மாதம் கழித்து விடுதலை என்ற வாக்குறுதிக்கு மசியாத பதினாறு வயதுக்காரன், நாளைய வீடியோ கேமுக்கு மசியக்கூடும். அற்பமாகத் தோன்றினாலும் இந்த வயதின் மனதை இது சரியாகவே கணித்திருக்கிறது. மதிப்பெண்கள் நாளுக்கு நாள் சேர்வதால், முன்னேற்றம் உண்டா இல்லையா என்று ஊகிக்க வேண்டியதில்லை. பதிவைப் பார்த்தால் போதும்.

தனிச் சந்திப்பு, குழுச் சிகிச்சை, கோபத்தைக் கையாளும் பயிற்சி, பள்ளிப் படிப்பு, குடும்பத்தோடு பேச்சு எல்லாம் உண்டு. ஆனால் பூட்டிய இடத்தில் சிகிச்சையாளரின் நிலை வெளியே கிளினிக் வைத்திருப்பவருடையது போன்றதல்ல. அவரைத் தேடி இந்தப் பையன்கள் வரவில்லை, கொண்டுவரப்பட்டவர்கள். அவர் எழுதும் குறிப்பு விடுதலையைத் தீர்மானிப்பவர்கள் கைக்கும் போகலாம். எனவே பேசுவதில் எது அறைக்குள் நிற்கும், எதை மேலே சொல்லியாக வேண்டும் (தற்கொலை எண்ணம், பிறரைத் தாக்கும் திட்டம், தப்பிக்கும் யோசனை) என்பதை முதல் சந்திப்பிலேயே தெளிவாக்குவது இத்தொழிலின் அடிப்படை விதி. அதை மறைத்துப் பெறும் நம்பிக்கை, முதல் அறிக்கையோடு உடைந்துபோகும். இரண்டாம் முறை அந்தப் பையன் வாயைத் திறக்கமாட்டான்.

விளைவுகளை உளவியலாளர் மைக்கேல் கால்ட்வெல்லும் சகாக்களும் ஆராய்ந்தனர். முழுச் சிகிச்சை பெற்ற 101 பேரையும், மதிப்பீட்டுக்கு மட்டும் வந்து பழைய சிறைக்கே திரும்பிய 147 பேரையும் சுமார் நான்கரை ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இரண்டாம் குழுவினர் 16 பேரைக் கொன்றிருந்தனர். முதல் குழுவில் கொலை ஒன்றுகூட இல்லை. சைக்கோபதி அளவுகோலில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற 141 பேரை மட்டும் எடுத்துக்கொண்ட 2006ஆம் ஆண்டு ஆய்வில், வழக்கமான சிறார் சிறையில் இருந்தவர்கள் மெண்டோட்டா பையன்களைவிட இருமடங்குக்கு மேல் வன்முறைக் குற்றங்களுக்குத் திரும்பும் வாய்ப்புடன் இருந்தனர். கூடுதலாகச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் ஏழு டாலருக்கு மேல் மிச்சம் என்று அதே ஆண்டு வந்த செலவுக் கணக்கு சொன்னது.

இந்த முடிவுகளை அப்படியே விழுங்கவும் வேண்டாம். பையன்கள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்படவில்லை. குழுக்களின் வேறுபாட்டைப் புள்ளியியல் முறையில் சரிக்கட்டினார்கள். ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர்கள் மையத்தின் ஊழியர்களே. 'குணமாகிவிட்டார்கள்' என்று அவர்களும் சொல்லவில்லை. திருட்டு போன்ற சில்லறைக் குற்றங்களைவிட வன்முறை குறைந்ததே கண்கூடான பலன்.

வெற்றி பேசப்பட்டாலும் மையம் நெடுங்காலம் 29 படுக்கைகளோடேயே இருந்தது. மாநிலத்தின் வடபகுதியிலுள்ள லிங்கன் ஹில்ஸ், காப்பர் லேக் சிறார் சிறைகளில் தனியறை அடைப்பும் மிளகுத் தெளிப்பும் அளவுமீறிப் பயன்படுத்தப்பட்டதாக 2017இல் வழக்குத் தொடரப்பட்டது. மறுஆண்டு இயற்றப்பட்ட சட்டம், அவற்றைச் சிறார் சிறைகளாக நடத்துவதை நிறுத்தவும் மெண்டோட்டாவை விரிவாக்கவும், பெண் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் தரவும் வழிசெய்தது. மூடுவதற்குச் சட்டம் குறித்த 2021ஆம் ஆண்டு வந்தபோது லிங்கன் ஹில்ஸ் திறந்தே இருந்தது.