விவேகானந்தரின் பேச்சும் ஒரு சுருக்கெழுத்துக்காரரும்

ஜனவரி 12 வந்தால் என் வாட்ஸ்அப்பில் ஓர் ஒலிப்பதிவு தவறாமல் வந்துவிடும். சுவாமி விவேகானந்தரின் சிகாகோ சொற்பொழிவு, அவருடைய சொந்தக் குரலில் என்று போட்டிருப்பார்கள். அனுப்பும் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது வேறு யாரோ பேசியது. 1893 செப்டம்பர் 11 அன்று அந்த மண்டபத்தில் அவர் குரலை யாரும் பதிவு செய்யவில்லை. பத்திரிகைக்காரர்களும், சர்வமத மகாசபையின் நடவடிக்கைகளைப் புத்தகமாக அச்சிட்டவர்களும் இருந்ததால்தான் அந்தப் பேச்சு நமக்கு மிஞ்சியது.

சுவாமிஜி பெரும்பாலும் கையில் காகிதம் இல்லாமல் பேசுகிறவர். சிகாகோவுக்குப் பிறகு அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அவற்றில் பலவற்றுக்கு உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த சுருக்கம்தான் மிச்சம். சிலவற்றுக்கு அதுவும் இல்லை. பேசியவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கவலைப்பட்டவர்கள் நியூயார்க்கில் இருந்த சீடர்கள். 1895 கடைசியில், சம்பளம் கொடுத்து ஒரு சுருக்கெழுத்தாளரை வைப்பது என்று முடிவு செய்தார்கள். முதலில் வந்தவரால் சுவாமிஜியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அதன் பிறகு வந்தவர்தான் ஜே. ஜே. குட்வின், 25 வயது ஆங்கிலேயர். கொஞ்ச நாளிலேயே சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு சீடராகிவிட்டார்.

எங்கள் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையன்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்வதுபோல நானும் சேர்ந்து பிட்மன் ஷார்ட்ஹேண்ட் பழகியவன். (அந்த பிட்மன் வாழ்ந்த பாத் நகரத்துக்குப் பக்கத்து ஊர்தான் குட்வினின் ஊர்.) பழகியவர்களுக்குத் தெரியும், எடுப்பது பாதி வேலைதான். கோடு கொஞ்சம் அழுத்தினால் ஓர் எழுத்து, அழுத்தாவிட்டால் வேறு எழுத்து. சூடு ஆறுவதற்குள் தட்டச்சு செய்துவிட வேண்டும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் எழுதியவனுக்கே புரியாது, அடுத்தவனுக்கு எப்படிப் புரியும்? அதிலும் இங்கே பேச்சு வேதாந்தம், நடுநடுவே சமஸ்கிருதம். குட்வின் உடனுக்குடன் தட்டச்சு செய்து கொடுத்துவிடுவார். கர்ம யோகம், ஞான யோகம் என்று நாம் படிக்கிற புத்தகங்களெல்லாம் அப்படி வந்த வகுப்புப் பேச்சுகள்தான்.

1897 ஜனவரி 15 அன்று சுவாமிஜி கொழும்பில் இறங்கியபோது குட்வினும் கூட வந்தார். பாம்பன், ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை, மதுரை, கும்பகோணம் என்று வரவேற்பும் பேச்சுமாக வந்து, சென்னையில் இப்போது விவேகானந்தர் இல்லம் என்கிற ஐஸ் ஹவுஸில் ஒன்பது நாள் தங்கினார்கள். அந்தக் கூட்டத்திலும் இரைச்சலிலும் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பேச்சுகள் அதே ஆண்டு சென்னையிலேயே 'கொழும்பு முதல் அல்மோரா வரை' என்று ஆங்கிலத்தில் புத்தகமாகிவிட்டன. அமெரிக்கா போவதற்கு முன்பு, 1893 தொடக்கத்தில், இதே சென்னையில் அன்பர்களிடம் அவர் நாள்கணக்கில் பேசியிருக்கிறார். அப்போது பக்கத்தில் குட்வின் இல்லை. அன்பர்கள் எழுதிவைத்ததுதான் உண்டு.

சங்கக் கூட்டங்களிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் பேசுகிற நண்பர்களுக்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். நமக்குச் சுருக்கெழுத்தாளர் வைக்க யாரும் இல்லை. செல்போனில் பதிவு செய்யலாம், நல்லதுதான். ஆனால் போன் மாறும்போது அதுவும் போய்விடுகிறது. நான் பேசிவிட்டு வந்த அன்றிரவே, என்ன சொன்னேன் என்பதை ஒரு நோட்டில் எழுதிவிடுவேன். மேலே தேதி, ஊர், எந்த விழா, யார் தலைமை. ஒரு பிரதியை ஜெராக்ஸ் எடுத்து விழா நடத்தியவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். படிக்கிறார்களோ இல்லையோ, இரண்டு இடத்தில் இருக்கும். மூன்று ஆண்டு விழாக்களில் ஒரே கதையைச் சொல்லியிருக்கிறேன் என்பதும் அந்த நோட்டைப் புரட்டினால்தான் தெரிகிறது!

குட்வின் கடைசியில் சென்னை மெயில் பத்திரிகையில் வேலை பார்த்தார். 1898 ஜூன் 2 அன்று ஊட்டியில் குடல் காய்ச்சலில் இறந்தார். வயது 27. சுவாமிஜி அப்போது வடக்கே அல்மோராவில் இருந்தார். மகனை இழந்த தாய்க்கு ஆங்கிலத்தில் ஒரு கவிதை எழுதி அனுப்பினார். குட்வினின் கல்லறை ஊட்டி ஏரிக்குப் பக்கத்தில், புனித தாமஸ் தேவாலயத்தில் இருக்கிறது. படகுத் துறைக்குப் போகிறவர்கள் அப்படியே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.